நான்காம் குரல்

அஜ்மான்,
4 ஜனவரி 2025

அன்புள்ள சுகந்தா,

நாற்பத்தாறு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சந்திரகலாவும் றெஜினாவும் காலமாகிவிட்டார்கள். நமது பாட்டுக் குழுவில் மிச்சம் நீரும் நானும்தான். என் கணவர் போய் மூன்று வருடம். மகன் தயாபரன் ஆறு மணிக்கே டுபாய்க்கு வேலைக்குப் புறப்பட்டால், இரவுவரை இந்த வீட்டில் என் செருப்புச் சத்தம்தான்.

சென்ற வாரம், பாடுகிற நான்கு பெண்பிள்ளைகள் என்னைத் தேடி வந்தார்கள். பஹ்ரைனில், மனாமா ஹோட்டல்களில் ஏழு வருடம் நாம் பாடிய ஜாஸ் பாட்டுகளை, நமது ஒரே கசெற்றைக் கேட்டே பழகியிருக்கிறார்கள். மூச்செடுக்கும் இடம்கூட நம்முடையது. பெருமையாக இருந்தது, உச்சரிப்பை மட்டும் திருத்தினேன்.

கடைசிப் பாட்டில் நான்காம் குரல் கேட்கவில்லையாம். அதைப் பாடவேண்டிய லக்சிகா சும்மா நிற்கிறாள். அது உமது குரல். அதன் சுரங்களை எழுதி அனுப்பும். பெப்ரவரி 22 அவர்களுடைய கச்சேரி. அவளுடைய போன் நம்பர் மறுபக்கத்தில்.

அன்புடன்,
யோகம்மா


ஈசா டவுன், பஹ்ரைன்,
19 ஜனவரி

மதிப்புக்குரிய யோகக்கா,

அத்தானின் மறைவு உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. மனம் வருந்துகிறேன்.

அந்தப் பாட்டில் என் குரல் இல்லை. ஒலிப்பதிவன்று ஓரிடத்தில் எனக்குச் சுருதி இறங்கியது. எல்லார் முன்னாலும் சொன்னீர்கள்: "நீர் பாடவேண்டாம். வாயை மட்டும் அசையும்."

கசெற் அட்டையில் நான்கு முகம், பாட்டில் மூன்று குரல். நீங்கள் மறந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

சுகந்தா


அஜ்மான்,
30 ஜனவரி

அன்புள்ள சுகந்தா,

மறக்கவில்லை. நீர் மறந்திருப்பீர் என்று நினைத்தேன்.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு லக்சிகா கேட்டாள்: "அன்ரி, அவ பிறகு எங்கயும் பாடினவவோ?" அதை நீர்தான் சொல்லவேண்டும்.

அந்தக் குரலை நானே அமைத்துப் பார்த்தேன். மூன்று நாள் முயன்றும் என் குரலின் நகல்தான் வந்தது.

அன்று நான் செய்தது பிழை. இதை எழுத எனக்கு இலேசில்லை. வாரும், வந்து சொல்லிக் கொடும். பின்னறை சும்மா கிடக்கிறது. எனக்கு எதிரே இருந்து சாப்பிடவும் ஆளில்லை.

காத்திருக்கும்,
யோகம்மா


ஈசா டவுன்,
10 பெப்ரவரி

யோகக்கா,

நான் வரவில்லை.

பிறகும் பாடினேன் என்று லக்சிகாவிடம் நானே சொல்லிவிட்டேன். இங்கே பிள்ளைகளுக்கு இருபது வருடம் பாட்டும் சொல்லிக் கொடுத்தேன். அந்த நான்காம் குரலை நேற்றுப் பாடிப் பதிந்து அவளுக்கே நேராக அனுப்பினேன். உங்களுக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் திருத்துவீர்கள்.

கச்சேரியன்று சபையோடு இருந்து கேளுங்கள்.

சுகந்தா