இவளுக்குக் கொடுத்த மாத்திரை

மார்ச் 4
மூன்று பம்ப் மோட்டார் ரிப்பேருக்கு வந்திருந்தன. ஒன்றைத்தான் முடித்தேன். தோள்வலியில் கை எழவில்லை. டாக்டர் எழுதிய வலி மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்தில் கை மேலே எழும்புகிறது. வீக்கத்தையும் குறைக்குமாம். ஐந்து நாளைக்கு மட்டும், சாப்பிட்ட பிறகு என்றார். ஆறாவது நாள் வலி என்னைக் கேட்டுவிட்டா போகும்? மருந்துக்கடைக்காரர் பழைய சீட்டைப் பார்த்து இன்னும் இரண்டு அட்டை தந்துவிட்டார்.

மார்ச் 7
மனைவிக்கு முழங்கால் வலி. மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் போகலாம் என்றாள். "எதுக்கு? அவர் எழுதப்போறதும் இதைத்தானே?" என்றேன். என்னைவிட இளைத்த உடம்பு, அதனால் என் மாத்திரையில் பாதி. கம்பி வெட்டும் பிளேயரைச் சோப்புப் போட்டுக் கழுவி வெட்டினேன். மாலையில் தானே எழுந்து நடந்தாள். யாரிடமும் படிக்காமல் மோட்டாரைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவன் நான். இது என்ன பெரிய வித்தை?

மார்ச் 12
மகள் ஃபோனில்: "அப்பா, அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்க. இதையும் சேத்துக் குடுக்கலாமான்னு யாரையாவது கேட்டீங்களா?"
"உங்கம்மாவை நாப்பத்தாறு வருஷமா பாத்துக்கிறவன் நான். நீ நேத்துப் பொறந்தவ."
வைத்துவிட்டாள். என்னிடம் குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் இவர்களுக்குப் பொழுது போகாது.

மார்ச் 15
இவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. வீக்கத்துக்குத்தானே மாத்திரை? இன்றிலிருந்து முழு மாத்திரை, இரண்டு வேளை.

மார்ச் 18
நேற்றிலிருந்து வாந்தி, பேதி. தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. மாத்திரையை மட்டும் நான் நிறுத்தவில்லை. வலி திரும்பினால் தாங்கமாட்டாள்.

மார்ச் 19
ஆஸ்பத்திரி. சிறுநீர் இறங்கவே இல்லை. முகம் ஊதி வேறு யாரோ மாதிரி — ஐயோ.
டாக்டர் ஒரு சின்னப் பெண். "அம்மா வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க ஐயா?"
"பிரஷர் மாத்திரை மட்டும்தாம்மா."
பொய்யா? அது என் பெயரில் எழுதிய மாத்திரை. என்னுடையது. இப்படித்தான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.
படுக்கையிலிருந்து இவள் என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

மார்ச் 20
காரணம் பிடிபடவில்லை என்கிறார்கள். எனக்குத் தெரியும்.

மார்ச் 21
சொல்லிவிட்டேன். காலி அட்டைகளை மேஜைமேல் வைத்தேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.
"இந்த வயசுல, பிரஷர் மாத்திரையோட, வாந்தி பேதியில உடம்புல தண்ணியும் இல்லாம இதைப் போட்டா கிட்னி தாங்காது ஐயா. ஒருத்தருக்கு எழுதினதை இன்னொருத்தருக்குக் குடுக்கவே கூடாது. நீங்களும் டாக்டரைக் கேக்காம இதை நீட்டிக்கிட்டே போகாதீங்க." போகும்போது, "அன்னிக்கே சொல்லியிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.
அந்த வாக்கியத்தை நான் எத்தனை விதமாக முடித்துப் பார்த்துவிட்டேன்!
மகள் வராந்தாவில் என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஏப்ரல் 9
வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கிட்னி முழுதாகத் திரும்பவில்லை. இனித் திரும்புமா? "மாசாமாசம் ரத்தம் பாக்கலாம்" என்றார்கள். கெட்டது எதையும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்துவிடலாம் என்று எழுபத்திரண்டு வருஷம் நம்பியிருக்கிறேன், மடையன்.

ஏப்ரல் 26
இவளுக்கு முழங்கால் வலி கொன்றெடுக்கிறது. டாக்டர் எழுதிய வேறு மாத்திரைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அது இவளுக்குப் போதவும் இல்லை.
"உங்க பழைய வலி மாத்திரையில ஒண்ணே ஒண்ணு குடுங்க. யாருக்கும் சொல்லமாட்டேன்."
"கிடையாது."
"அன்னிக்குக் கேக்காமலே குடுத்தீங்க. இன்னிக்குக் கெஞ்சினாலும் இல்லையா?"
"இல்ல."
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வெந்நீரில் துண்டைப் பிழிந்து முழங்காலில் வைத்தேன். தள்ளிவிட்டாள். மறுபடி பிழிந்து வைத்தேன்.