ஜெப எண்ணெய் பாட்டில்

அம்மா,

டாக்ஸி வந்துவிட்டது. உன் அறைக் கதவைத் தட்டவில்லை. தட்டினால் நீ அழுவாய், நான் பெட்டியைப் பிரித்துவிடுவேன்.

"வெளிநாட்டு நர்ஸ் வேலைன்னாலே இவ ஓடி ஒளியுறா, பயம் போக ஜெபிங்க" என்று சபையில் கேட்டது நீதான். பாஸ்டர் மைக்கில் அறிவித்த பிறகு பயப்படவே வெட்கமாகிவிட்டது. இப்போது துணிந்து கிளம்பினால், "போய்த்தான் ஆகணுமா?" என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறாய். ஆண்டவர் எதைத்தான் கேட்பார்?

சோறு குக்கரில் இருக்கிறது. கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாதே. வாசலைப் பூட்டிச் சாவியை ஜன்னல் வழியாக உள்ளே போடுகிறேன்.

சாயங்காலம் பாஸ்டரம்மா வருவார்கள். அவர்களிடம் அழுது வைக்காதே, அப்புறம் உன் பயம் தெளியவும் சபை ஜெபிக்க வேண்டிவரும்.

எழுத்து கோணலாக இருப்பது டாக்ஸிக்காரர் ஹாரன் அடிப்பதால்தான். பயமெல்லாம் இல்லை.

உன் பயந்தாங்கொள்ளி

பி.கு.: கைப்பையில் நீ ஒளித்துவைத்த ஜெப எண்ணெய் பாட்டிலைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய பாட்டிலை விமான நிலையச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். மேஜையில் வைத்திருக்கிறேன். பாதி காலியாக இருக்கிறதே என்று பதறாதே, தலையில் தேய்த்துக்கொண்டேன். தலையைப் பிடுங்கிவைக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.