துணைவரின் வருமானம்

பிப்ரவரி 8, ஞாயிறு

மேஜையில் இருந்தவர்கள்: நான், அவர், மகள், என் அண்ணன். அண்ணி வரவில்லை, முழங்கால் வலியாம். நாற்காலி மூன்றுதான், அதனால் மகள் அரிசி டிரம் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

யார் யார் இருந்தோம் என்று எழுதி வைக்கக் காரணம் இருக்கிறது. நாளைக்கே அண்ணன், "நான் எங்கே அப்படிச் சொன்னேன்?" என்பார். சொன்னார். எல்லார் காதிலும் விழுந்தது.

அண்ணனின் கிடங்கில் மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமாம். வெளி ஆளை நம்ப முடியவில்லையாம். "மாப்பிள்ளை, நாப்பத்தாறு வயசுல பையைத் தூக்கிக்கிட்டு லிஃப்ட் ரிப்பேர் பயிற்சிக்குப் போறீங்க. பார்க்கறவன்லாம் என்னைக் கேட்கறான், உன் தங்கச்சி வீட்டுக்காரர் எத்தனாம் கிளாஸ்னு. என்கிட்ட வாங்க. இப்ப வர்றது மாதிரி ரெண்டு பங்கு தர்றேன்."

இவர் சிரித்துக்கொண்டே, "மூணாவது வருஷம் மச்சான். இன்னும் ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

"அப்பா நல்லாத்தான் படிக்கிறார் மாமா," என்றாள் மகள். "கையெழுத்துதான் கோழி கிளறின மாதிரி."

அண்ணன் சிரிக்கவில்லை. மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றார். தேதியைக் குறித்துத் தரக் காகிதம் தேடிச் சட்டைப்பையைத் துழாவினார், லாரி வாடகை பில்லெல்லாம் மேஜையில் கொட்டியது. நான் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கை பாட்டுக்கு அதையெல்லாம் தேதிப்படி அடுக்கிவிட்டது. ஒரே லோடுக்கு இரண்டு பில் இருந்தது. சொன்னேன். "ஆரம்பிச்சுட்டா கணக்குப்பிள்ளை" என்றார். பாவாடை கட்டின காலத்திலிருந்து அவர் எனக்கு வைத்த பெயர்.

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். இவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட, வீட்டில் உட்கார்ந்தபோது மூன்று மாத வாடகை அண்ணன்தான் கொடுத்தார். இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

லிஃப்ட் வேலையில் இவருக்குக் கற்றுத்தருகிற மெக்கானிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இருபத்தேழு வயது. இவர் அந்தப் பிள்ளையை 'சார்' என்கிறார், அது இவரை 'அண்ணே' என்கிறது. இரண்டு பேரும் மாறி மாறி மரியாதை கொடுத்தே பாதி நேரம் போய்விடும் போல.

பிப்ரவரி 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பணத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். நான் கும்பிட்டு எடுத்து வரவில் எழுதுவேன். அதிலிருந்து அவருக்குப் பஸ்ஸுக்கும் டீக்கும் எடுத்துக் கொடுப்பேன். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து இதுதான் வழக்கம். அச்சகச் சம்பளமாக இருந்தாலும் சரி, இப்போது கம்பெனி தரும் பயிற்சிக் கூலியும் அரசாங்க உதவித்தொகையும் ஆனாலும் சரி.

இன்று கூலி மட்டும் வைத்தார். கூடவே ஒரு கடிதம். 'குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டியுள்ளதால், வயது முதிர்ந்த பயிற்சியாளருக்கான உதவித்தொகை நிறுத்தப்படுகிறது.'

எந்த வருமானம்? யாருக்கு வந்தது? அடுத்த மாதம் வாடகை ஏறுகிறதே என்று நான் எண்ணெயைக்கூட யோசித்து யோசித்து ஊற்றுகிறேன். வரம்பைத் தாண்டிவிட்டோமாம்!

"எங்கேயோ தப்பு நடந்திருக்கும், விடு" என்றார். நான் விடுவதாக இல்லை. திங்கட்கிழமை நானே போகிறேன். சாமி, என் நாக்கை மட்டும் அடக்கிக் கொடுங்க.

பிப்ரவரி 16, திங்கள்

நாக்கை அடக்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

முதல் வருஷம் அவரோடு அந்த அலுவலகத்துக்குப் போனது நினைவு வந்தது. முப்பது வயதுக்கு மேல் பயிற்சிக்குச் சேர்ந்தால் உதவி கிடையாது என்ற விதியை அப்போதுதான் நீக்கியிருந்தார்கள். வரிசையில் நரைத்த தலை இவர் ஒருவருடையதுதான். வாசலில் நின்ற காவலாளி, "பையன் உள்ளே இருக்கானா சார்?" என்று கேட்டார். போன வருஷம் ஐந்தாறு நரைத்த தலைகள். இன்றைக்கு நாற்காலிக்கே போட்டி. என் வயசு அம்மா ஒருத்தர் நர்ஸ் படிப்புக்கு, தாடி வைத்த ஒருவர் வெல்டிங்குக்கு. எல்லாரும் மடியில் பை, மூக்கில் கண்ணாடி.

சுவரில் படம் போட்டு மாட்டியிருந்தார்கள். உதவி வாங்கும் பெரியவர்களின் கோடு வருஷா வருஷம் ஏறுகிறது. ஆளுக்குத் தரும் தொகையின் கோடு மட்டும் படுத்தே கிடக்கிறது. ஆள் கூடக் கூடச் சல்லடைக் கண்ணைச் சின்னதாக்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. இந்த வருஷத்துச் சல்லடைதான் 'துணைவரின் வருமானம்'. முன்பெல்லாம் மனைவிக்கு என்ன வருகிறது என்று யாரும் கேட்டதில்லை.

கவுண்டரில் சங்கிலி போட்ட கண்ணாடியோடு ஒரு அம்மா. நான் கடிதத்தை வைத்து, "இது உங்க தப்பு" என்றேன். அந்த அம்மா கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்து.

"துணைவரின் வருமானம்னு கேட்ட இடத்துல வாராவாரம் இவ்வளவுன்னு நீங்கதானேம்மா எழுதியிருக்கீங்க? எங்க வேலை பார்க்கறீங்க?"

"வீட்டுல."

"வீட்டுல என்ன தொழில்?"

"தொழில்லாம் இல்லைங்க. வீட்டுலதான் இருக்கேன்."

"அப்ப இந்தப் பணத்தை யார் தர்றாங்க?"

"அவர்தான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தந்துடுவார். ஒரு வாரம்கூடத் தவறினதில்லை."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அவருக்குக் கம்பெனி தர்றது, நாங்க தர்றது, ரெண்டையும் கொண்டுவந்து உங்ககிட்ட தர்றார். அதை நீங்க உங்க வருமானம்னு போட்டுட்டீங்க. ஒரே பணம் எங்க கணக்குல ரெண்டு தடவை ஏறிடுச்சு."

"என் கையில வர்றது வரவுதானேங்க?"

பின்னால் தாடிக்காரர் சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்.

சாமிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு காசு ஒளிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நிரப்பியது அது. ஒளிக்காமல் எழுதப் போய் இல்லாததையும் எழுதியிருக்கிறேன்.

அந்த அம்மா நல்ல மாதிரி. விளக்கக் கடிதமும், உறவில்லாத ஒருவரின் சாட்சியும் தந்தால் திருத்தலாம், மூன்று நாலு வாரம் ஆகும் என்றார். "உங்களுக்கு நிஜமாவே வருமானம் வந்தாலும் பயமில்லைம்மா, இந்த அளவு வரைக்கும் அவர் தொகையில கை வைக்க மாட்டாங்க" என்று தாளில் ஒரு வரியைக் காட்டினார். எனக்கு எங்கே வரப்போகிறது? இருந்தாலும் குறித்துக்கொண்டேன். எண்ணைப் பார்த்தால் குறித்துக்கொள்வது என் புத்தி.

மூன்று நாலு வாரம். அண்ணனுக்கு மாதக் கடைசியில் பதில்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நேற்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இன்று சாப்பாடு போட்டுவிட்டுச் சொன்னேன். வாயில் வைத்ததை விழுங்க முடியாமல் அப்படி ஒரு சிரிப்பு.

"வர்றதெல்லாம் உன் சம்பளம்தான்னு இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். நீ நம்பலை. அரசாங்கம் நம்பிடுச்சு பாரு."

மகள் வேறு: "அம்மா, அப்ப உனக்குப் பாக்கிச் சம்பளம் எவ்வளவு வரணும்?"

எனக்கு அழுகையாக வந்தது. மூன்று பேருமாகச் சிரித்தும் அழுதும் முடித்தோம்.

ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் ரொம்ப நேரம் குழாயடியிலேயே நின்றார்.

பிப்ரவரி 19, வியாழன்

மேஜையில் எப்போதும் கிடக்கும் அவருடைய பாடப் புத்தகம் இல்லை. தேடினேன். அலமாரி மேலே, பழைய கம்பளிக்குப் பக்கத்தில். நான் எடுக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

கூலியை வைத்துவிட்டு, "அண்ணன்கிட்ட சரின்னு சொல்லிடவா?" என்றார்.

"உங்களுக்கு அங்க போகப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்கிறது பிடிக்காதது என்ன. வாடகை ஏறுது."

"அதை நான் பார்த்துக்கறேன். நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு போன மாதம் நடந்ததைச் சொன்னார். ஒரு பழைய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் எந்த மாடியில் நின்றாலும் தரையைவிடக் கொஞ்சம் தாழ்ந்தே நிற்குமாம், ஒரு விரல் அகலம். எல்லாரும் தட்டுத் தடுமாறித்தான் ஏறுவார்களாம். 'சார்' பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, இவரே தனியாகச் சரிசெய்திருக்கிறார். முடித்ததும் நாலு கால் ஊன்றுகோலோடு ஒரு பாட்டி வந்தார். நர்ஸோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டே உள்ளே போனார், கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"தடுக்கலை, அதனால பார்க்கலை" என்றார். "நான் ஒருத்தன் அங்க நின்னதே அந்தம்மாவுக்குத் தெரியாது. எனக்கு அன்னிக்குச் சாப்பாடே வேண்டியிருக்கலை, அவ்வளவு சந்தோஷம்."

இருபது வருஷமாக இந்த மனிதரோடு இருக்கிறேன். அச்சகத்தைப் பற்றி ஒருநாளும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

நாற்காலி போட்டு ஏறிப் புத்தகத்தை நானே இறக்கினேன். தூசி தட்டி மேஜையில் வைத்தேன்.

பிப்ரவரி 23, திங்கள்

சாட்சிக் கையெழுத்துக்குக் கீழ்வீட்டுத் தையலக்காவிடம் போனேன். மிஷினை நிறுத்திவிட்டுக் காகிதத்தை உரக்கப் படித்தார். "'மேற்படி நபர் வேலை எதுவும் செய்வதில்லை என்பதை நான் நேரில் அறிவேன்.' யாரு, நீயா?"

"படிவத்துல அப்படித்தான் இருக்குக்கா. ஒரு கையெழுத்துப் போடுங்க."

"மாட்டேன்."

"அக்கா…"

"நான் கடை திறக்கறதுக்கு முன்னாடியே உன் வீட்டு வாளிச் சத்தம் கேட்குது. நான் விளக்கணைச்சுப் படுத்த பிறகும் உன் பாத்திரச் சத்தம் கேட்குது. வேலை செய்யறதில்லைன்னு எழுதிட்டு நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட சாமி கும்பிடறது? நீயே ஒரு காசு பிசகினா மூணு நாள் தூங்க மாட்டே. என்னைப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றியாக்கும்?"

நான் இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் அச்சடித்த வரியை அடித்துவிட்டு, ரவிக்கை அளவு எழுதும் பென்சிலாலேயே அக்கா எழுதினார்: 'நாள் பூரா வேலை செய்கிறாள். யாரும் சம்பளம் தருவதில்லை. எனக்குத் தெரியும்.' பென்சில் செல்லாது என்று சொல்லி, பேனா கொடுத்து மறுபடி எழுத வைத்தேன்.

கவுண்டர் அம்மா அதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். முத்திரை குத்திவிட்டார்.

பிப்ரவரி 28, சனி

அண்ணன் போன் செய்தார். இவர் வேலையில் இருந்தார். அலுவலகத்திலிருந்து ஒரு பதிலும் இல்லை. இன்னும் பத்து நாள் தவணை கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் அலுவலகம் என்ன சொன்னாலும் என் பதில் மாறாது என்று தெரிந்த பிறகு எதற்கு அவரைக் காக்க வைப்பது?

"அவர் வர மாட்டார்ண்ணா. முடிச்சுட்டுத்தான் மறு வேலை."

"மாப்பிள்ளை சொல்றாரா, நீ சொல்றியா?"

"ரெண்டு பேரும்."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார். கணக்குப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. 'அம்மா' போட்டால் கோபம் என்று அர்த்தம்.

அவர் வந்ததும் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். "என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார். "அன்னிக்கு வெள்ளிக்கிழமையே கேட்டாச்சு" என்றேன்.

மார்ச் 4, புதன்

அண்ணன் போன் இல்லை. பிரார்த்தனை.

மார்ச் 13, வெள்ளி

சாமி படத்துக்கு முன்னால் மறுபடியும் இரண்டும் சேர்ந்து வைத்தார். உதவித்தொகை வந்துவிட்டது, நின்றுபோன வாரங்களுக்கும் சேர்த்து. மகள் அப்பாவின் கையைப் பிடித்துச் சுற்றினாள், அவர் சுற்றிச் சுற்றிக் கட்டிலில் போய் விழுந்தார்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நான்தான் படித்தேன். அடுத்த மாதத்திலிருந்து நாற்பது வயதைத் தாண்டிய பயிற்சியாளர்களுக்குப் புது விகிதம். குறைவு. ஆள் பெருகிவிட்டதாம். அந்தச் சுவர்ப் படத்துக் கோடு படுத்திருந்தது போதாதென்று இப்போது தலையைக் கீழே போடுகிறது. ஏறின வாடகைக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் எட்டவில்லை. எப்படிக் கூட்டினாலும் எட்டவில்லை.

இன்றைக்கு அவர்களிடம் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

விளக்கேற்றி உட்கார்ந்தேன். சாமியிடம் கேட்டேன். அன்றைக்குக் கவுண்டர் அம்மா காட்டியதைக் குறித்து வைத்தேனே, அந்த எண் நினைவுக்கு வந்தது. அதன் பக்கத்திலேயே அண்ணன் சட்டைப்பையும் வந்தது.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புது விகிதத்தையும், என் யோசனையையும். "உங்க அண்ணன் பாவம், வசமா மாட்டினார்" என்றார். பிறகு, "நெஜமாத்தான் சொல்றியா?" என்று இரண்டு தரம் கேட்டார். நிஜமாகத்தான்.

அண்ணனுக்கு எழுதிய கடிதத்தை மகளிடம் கொடுத்து அனுப்பினேன். நகல்:

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணி முழங்கால் தேவலையா?

உங்கள் மாப்பிள்ளை வரவில்லை என்று சொன்னதில் உங்களுக்கு வருத்தம் என்று தெரியும். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவர் கையில் ஒரு நல்ல வேலை வந்துகொண்டிருக்கிறது, பாதியில் பிடுங்க மனசு வரவில்லை. உங்களுக்கு மேற்பார்வைக்கு ஆள் வேண்டும் என்பது சரிதான். ஆனால் உங்கள் பணம் கிடங்கில் தொலையவில்லை அண்ணா, உங்கள் சட்டைப்பையில் தொலைகிறது. அன்றைக்கு மேஜையில் கொட்டியதிலேயே ஒரு பில் இரட்டை.

கணக்கு எழுத நான் வருகிறேன். வாரத்தில் மூன்று நாள், மகள் பள்ளிக்குப் போன பிறகு, அவள் திரும்பும் வரை. சம்பளம் வேண்டும். அதை ரசீது போட்டுத் தர வேண்டும். பின்பக்கம் எழுதியிருக்கும் தொகைக்கு மேல் ஒரு காசும் தரக் கூடாது, பாசத்துக்காகக்கூட. தந்தால் அவருடைய உதவித்தொகையில் பிடித்துவிடுவார்கள். துணைவரின் வருமானம் என்ற இடத்தில் இந்தத் தடவை சரியாக எழுதப் போகிறேன்.

சின்ன வயசிலிருந்து நீங்கள் என்னைக் கூப்பிடும் பெயருக்கு இதுவரை சம்பளம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

முதல் தேதி வாடகை கட்ட வேண்டும். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.