கும்பிட்ட கராத்தே மாஸ்டர்

சண்டிலிப்பாய்,
4.3.1986

மகள் கத்தரீனாவுக்கு, மாதா துணை. மன்னாரில் பிள்ளைகளுக்கு இருமல் நின்றதா?

திங்கள் மத்தியானம் புகையிலைக்குப் புகை போடும் குடிலடியில் நின்றது நான், நான் வேலைக்கு நிற்கிற வீட்டுக்காரி நல்லம்மா, அவள் தம்பி கராத்தே மாஸ்டர் குணரத்தினம். கத்தியோடு ஒரு கள்ளன் வந்தான். மாஸ்டர் வகுப்புப் பழக்கத்தில் முதலில் குனிந்து கும்பிட்டார். கள்ளன் பிடரியில் ஒன்று போட்டான், ஆள் விழுந்துவிட்டார். சிரிக்காதே.

“சங்கிலியைக் கழட்டடி!” என்றதும் நல்லம்மா வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள்.

“பிள்ளை, கதவைத் திறவுங்கோ!” என்று தட்டினேன்.

“அவவின்ரை கழுத்திலையும் தாலிக்கொடி கிடக்கு!” என்று உள்ளிருந்து கள்ளனுக்குச் சொன்னாள்.

குடில் சாம்பலைச் சூட்டோடு அள்ளி அவன் கண்ணில் எறிந்தேன். ஓடிவிட்டான். கை கொஞ்சம் வெந்தது, பயப்படாதே.

என் செபமாலையை அனுப்பு, ஒரு விசிலும் வேண்டும். தனியே குடிலுக்குப் போகப் பயமாயிருக்கிறது. கடிதம் கொண்டுபோகிற வான்காரர் அவசரப்படுத்துகிறார்.

மாஸ்டரை மன்னித்தேன், கள்ளனையும் மன்னிப்பேன். நல்லம்மாவை மாட்டேன்.

அம்மா லூர்த்தம்மா