லேடீஸ் கிளாஸில் நான் ஒருத்தி மட்டும்

ஜூன் 8, ஞாயிறு

காலையில் இருந்தே பேய்க் காற்று. மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல். போய்க் கேட்டு வாங்கி வந்தேன்.

காங்கேயத்தில் கல்யாணம், வீட்டுக்காரரின் சித்தப்பா பெண்ணுக்கு. (இனி வீ.கா. முழுசாக எழுத இன்று மனசில்லை.) சுந்தராபுரத்தில் இருந்து காங்கேயம் வரை நான்தான் ஓட்டினேன். பல்லடத்தில் லாரி நெரிசல், குறுக்கே புகுந்த டவுன் பஸ், எல்லாம் நான். வீ.கா. பக்கத்து சீட்டில் வாயைத் திறந்து தூக்கம். மண்டபத்துக்குச் சற்று முன்னால் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே மட்டும் எப்படித்தான் முழிப்பு வருகிறதோ.

"நிறுத்து கண்ணு. நான் எடுத்துக்கறேன்."

நான் லைசென்ஸ் வாங்கிய நாளில் இருந்து இதே கதை. சொந்தக்காரர் கண்ணில் படும்போது ஆம்பளை கையில் ஸ்டியரிங் இருக்க வேண்டும். இப்படி யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் இறங்கிச் சுற்றிப் போய் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன், பட்டுப்புடவையோடு.

மண்டப வாசலில் இவருடைய அத்தை: "ஏம்பா பூபதி, அதுக்குள்ள வந்துட்டியா? கோயமுத்தூர்ல இருந்து என்னா வேகமா ஓட்டியாந்திருக்கறே!"

இவர் சிரித்தார். வெறும் சிரிப்பு. "இல்லீங்கத்தை, அவதான் ஓட்டுனா" என்று சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

பந்தியில் இனிப்புக் கச்சாயம் நன்றாக இருந்தது. கோபத்தில் மூன்று தின்றேன். திரும்பும்போது அதே பங்க் தாண்டியதும், "தூக்கமா வருது கண்ணு, நீயே எடு." எடுத்தேன். என்னைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். கம்பெனியில் பம்ப் டெஸ்டிங்கில் தேறாத இரண்டு லாட்டைத் திருப்பி அனுப்பினேன். சூப்பர்வைசர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு விளம்பரம். ஆட்டோகிராஸ். 22ஆம் தேதி ஞாயிறு, சூலூர் தாண்டி ஒரு மண் மைதானம். தினமும் ஓட்டுகிற கார் போதும், புதியவர்கள் வரலாம். மைதானத்தில் கூம்பு கூம்பாக நட்டு வளைந்து வளைந்து பாதை போடுவார்களாம். ஒரு சமயத்தில் ஒரே கார்தான். முட்டல் மோதல் கிடையாது. யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்கு முதலிடம். கூம்பைத் தட்டினால் இரண்டு வினாடி தண்டம்.

மூன்று தரம் படித்தேன். கப் ஆசை எல்லாம் இல்லை. ஓட்டியவர் பெயர், எதிரே அவர் எடுத்த நேரம், பலகையில் எல்லார் கண்ணுக்கும் தெரிய. அது வேண்டும் எனக்கு. ஒரே ஒரு தரம்.

போன் போட்டேன்.

"சொல்லுங்க மேடம், சார் என்ன வண்டி வெச்சிருக்காருங்க?"

"சார் இல்லீங்க. ஓட்டறது நானு."

"ஓ! சூப்பருங்க மேடம், சூப்பர்."

முதல் சூப்பர் போதாதா? இரண்டாவது எதற்கு? புதியவர் பிரிவில் பதிவு செய்து பணமும் கட்டியாயிற்று. வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

செய்ய வேண்டியது:
முழுக்கைக் காட்டன் சட்டை. (வீ.கா. பழசு போதும்)
கயிறு கட்டும் ஷூ.
ஹெல்மெட் அங்கேயே தருவார்கள். யார் யார் தலை வேர்வையோ.
காரில் உருளுகிற பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது. காலி செய்ய.

காலி செய்தேன். எடுத்தது: குடை 3. கிணத்துக்கடவுத் தேங்காய் 11. ஒற்றைச் செருப்பு. போன பொங்கலுக்கு யாரோ கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கு, பேப்பர் பிரிக்காமல். சாமி படம் மட்டும் ஒட்டியிருந்தது, இருக்கட்டும்.

குத்துவிளக்கோடு உள்ளே வந்த என்னைப் பார்த்து வீ.கா. என்ன விஷயம் என்றார். தோசை ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"காருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

காருக்கு! உனக்கு ஏதாவது ஆனால் என்று கேட்கவில்லை. இரண்டு தோசைக்கு நடுவில் அப்படியே நின்றேன். பிறகு அவராகவே, "செரி, நானும் வாரேன். உன்னை ஒத்தையில எப்படி அனுப்பறது" என்றார். ஒத்தையில்தான் தினமும் அவிநாசி ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகிறேன். அது கணக்கில் இல்லை போல.

ஜூன் 15, ஞாயிறு

மேகமூட்டம். நல்லதாகப் போயிற்று. வெயில் இல்லையென்றால் கிணத்துக்கடவில் அண்ணன் களத்தில் கொப்பரை காயப்போட மாட்டார்கள், எல்லாம் ஷெட்டுக்குள். சிமென்ட் களம் முழுசும் காலி. பழைய பெயின்ட் பக்கெட் பத்துப் பன்னிரண்டு கவிழ்த்து வைத்தேன், படத்தில் பார்த்த மாதிரி.

முதல் சுற்றிலேயே பக்கெட் ஒன்று அடியில் மாட்டிக் கரகர என்று களம் முழுக்க வந்தது. தேங்காய் உடைக்கிற அக்காமார் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு ஓரத்தில் வரிசையாக.

"ஏனுங் அம்மிணி, எதையாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா? இந்தச் சுத்துச் சுத்தறீங்க?"

தெரிந்துகொண்டது: பிரேக் திருப்பத்துக்கு முன்னாலேயே. திருப்பத்துக்குள் மிதித்தால் கார் சொன்ன பேச்சுக் கேட்காமல் நேராகப் போகிறது. கண் இந்தப் பக்கெட்டில் இருக்கக் கூடாது, அடுத்ததில். சீட்டை இன்னும் முன்னால் தள்ள வேண்டும். இத்தனை நாள் வீ.கா. கால் நீளத்துக்கு வைத்தே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். முட்டாள்.

மதியத்துக்கு மேல் ஒரு பக்கெட்டும் விழவில்லை. அக்காமார் கைதட்டினார்கள். சந்தோஷம் தாங்கவில்லை, சும்மா சொல்லக் கூடாது.

அண்ணன் வந்தார். களத்தில் கருப்புக் கருப்பாக டயர்த் தடம். "ஏம்மிணி, கொப்பரை வாங்க வாரவன் மோந்து பாத்துத்தான் வெல சொல்லுவான். ரப்பர் நாத்தம் அடிச்சா என்ற தலையிலதானே கட்டுவான்?" நியாயம்தான். தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன், இடுப்பு ஒடிய. வீ.கா. ஷெட்டு ஓரம் உட்கார்ந்து இளநீர்.

ஜூன் 18, புதன்

காற்று அடிக்கப் போனேன். முன் டயருக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட வை என்றேன்.

"எதுக்கும் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க மேடம்."

வேறு கடைக்குப் போனேன்.

ஜூன் 22, ஞாயிறு, சாயங்காலம்

எழுத்து கோணல். ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

காலை ஏழுக்கு மைதானம். காற்று, புழுதி, காப்பி மோசம். ஓட்டிக் கொண்டுபோய் நிறுத்தினது நான். நல்லவேளை, வழியில் சொந்தக்காரர் யாரும் இல்லை. கார் சோதனையில் ஒருவர் ஸ்டெப்னிக்கு அடியில் கைவிட்டு இன்னொரு தேங்காயை எடுத்தார். எனக்கு மானம் போயிற்று.

பலகையில் புதியவர் பிரிவில் என் பெயர் இல்லை. மைக் வைத்திருந்தவரிடம் கேட்டேன்.

"உங்களை லேடீஸ் கிளாசுக்கு மாத்தியாச்சுங்க மேடம்."

"நான் கேக்கலீங்களே."

"உங்க நல்லதுக்குத்தானுங்க. அதுல நீங்க ஒருத்தர்தான். இப்பவே கப்பு உங்களுக்குத்தான்னு வெச்சுக்கங்களேன்!"

ஒருத்தி மட்டும் ஓடி, ஒருத்தியையே ஜெயிப்பதற்கு ஒரு கப்! எனக்குக் கோபம் பொசுபொசு என்று வந்தது. வீ.கா. தோளில் கை வைத்தார். "அதான் கப்பு தாரேங்கறாங்கல்ல கண்ணு, வுடு."

காலை முழுக்கப் பையன்கள் ஓடினார்கள். ஒவ்வொருத்தன் நேரமும் மைக்கில். நான் வெயிலில். என் முறை வந்தபோது மணி ஒன்றரை. ஹெல்மெட் மாட்டினேன். கொடி விழுந்தது.

அந்தச் சுற்று. எப்படி எழுதுவது? இரண்டாவது வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது, நான் பயப்படவே இல்லை, கண் அடுத்த கூம்பில், கை தானாகத் திருப்பியது, கார் நிமிர்ந்தது. ஒரு கூம்புகூட விழவில்லை. உள்ளுக்குள் கத்திக்கொண்டே வந்தேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. இத்தனை வருஷம் ஓட்டியதில் இப்படி ஒன்று ஓட்டியதே இல்லை.

இறங்கி ஓடிப் போய், "எவ்வளவுங்க டைமு?"

நேரம் எடுக்கிற மேசையில் ஆள் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில்.

"டைம் எடுக்கலீங்க மேடம். ஒரே ஒருத்தர்தானேன்னு சாப்பிடப் போயிட்டாங்க. கப்பு உங்களுக்குத்தானுங்க, கவலையே படாதீங்க."

எனக்குக் கண்ணுமண்ணு தெரியவில்லை. நேராகப் போய்க் காரில் ஏறினேன். கொண்டுபோய்ப் புறப்படும் கோட்டின் மேல் குறுக்காக நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தேன். "டைம் எடுக்காம இங்கிருந்து நகர மாட்டேனுங்க."

பின்னால் அடுத்த பிரிவுக்கு நிற்கிற கார்களின் ஹாரன். மைக்கில் "மிஸஸ் பூபதி, தயவுசெஞ்சு காரை எடுங்க, மிஸஸ் பூபதி." பசியோடு நாற்பது பேர் பார்க்கிறார்கள். வீ.கா. ஓடி வந்தார், வேர்த்து விறுவிறுத்து.

"எல்லாரும் பாக்கறாங்க கண்ணு. எறங்கு. நான் ஓரமா எடுத்து வுடறேன்."

இங்கேயுமா!

"ஏனுங்க, ஓட்ட வந்தது நானு. எடுக்கறதா இருந்தா நான்தான் எடுப்பேன்."

கதவைப் பூட்டினேன், இவர் முகத்துக்கு நேராக.

பத்து நிமிஷம். அவர்களே வந்தார்கள், கையைத் துடைத்துக்கொண்டு. மறுபடி கொடி. ஆனால் கோபம் தலைக்கு ஏறியிருந்தது, திருப்பத்துக்குள் பிரேக் மிதித்தேன், செய்யக் கூடாது என்று எனக்கே தெரிந்த அதே தப்பு. ஒரு கூம்பு போயிற்று. 61 வினாடி, தண்டம் 2. புதியவர் பலகையில் என் பெயரை நானே நின்று எழுத வைத்தேன். பதினாறு பேரில் ஏழாவது.

முதல் சுற்றை வீ.கா. போனில் பிடித்திருக்கிறார். அதை வைத்துப் பார்த்தால் 57 வருகிறது. மூன்றாவது இடம் வந்திருக்கும். என் வாழ்க்கையில் ஓட்டிய நல்ல சுற்று, எவனோ சாம்பார் சாதம் தின்ற நேரத்தில் போயிற்று.

எனக்குப் பின்னால் வரிசையில் காத்திருந்த திருப்பூர்க்காரர், சிவப்புக் கார், கடைசியில் வந்து, "மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சுங்க. ஆனா நீங்க செஞ்சது கரெக்டுங்க மேடம். வீடியோ எடுத்தேன், வேணுமுங்களா?" என்றார். நம்பர் கொடுத்தேன்.

நான் பலகையருகே நின்ற நேரத்தில் மேடையில் கூப்பிட்டிருக்கிறார்கள். கப்பை வீ.கா. போய் வாங்கி வைத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய்ப்பு இல்லை.

ஜூன் 23, திங்கள்

உடம்பு வலி. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. சாயங்காலம் வந்து அரிசி ஊறப்போட்டுவிட்டுப் போனைப் பார்த்தேன்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப். மொத்த உறவும் அதில். வீ.கா. காலையிலேயே போட்டிருக்கிறார்: கப்போடு காரில் சாய்ந்து நிற்கிற அவர் படம். கீழே என் முதல் சுற்று வீடியோ. மேலே "ஞாயிறு ஸ்பெஷல்" என்று மட்டும். பொய் ஒன்றும் எழுதவில்லை. உண்மையும் எழுதவில்லை. வீடியோவில் ஹெல்மெட் தெரிகிறது, வெள்ளைக் கார் தெரிகிறது. அதற்குள் இருப்பது யார் என்று யாருக்குத் தெரியும்?

"மாப்ள கலக்கிப்போட்டீங்க."

"இந்த வயசுலயும் என்னா ஓட்டு!"

"பூபதிண்ணன்னா சும்மாவா?"

அத்தனைக்கும் இவர் கும்பிடுகிற பொம்மை. வரிசையாக, ஒவ்வொருத்தருக்கும்.

கூடத்துக்குப் போனேன். டிவி.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

"என்னத்த?"

"ஓட்டுனது யாருன்னு."

"அட வுடு கண்ணு. யாரு ஓட்டுனா என்ன? நம்ம காருதானே."

நம்ம காராம். காற்றடிக்க, சர்வீஸ் விட, இன்சூரன்ஸ் கட்ட, பல்லடம் நெரிசலில் மாட்டிக்கொள்ள அது என் கார். கும்பிடு போட மட்டும் நம்ம கார்.

அடுப்படிக்கு வந்தேன். திருப்பூர்க்காரர் அனுப்பியதை இப்போதுதான் திறந்து பார்த்தேன். தெளிவாக எடுத்திருக்கிறார் மனுஷன். ஸ்டியரிங்கில் நான், தலையில் ஹெல்மெட் இல்லாமல், முடி பரட்டை. ஜன்னலுக்கு வெளியே குனிந்து கெஞ்சுகிறவர் முகம் முழுசாக. சத்தமும் சுத்தம்: "எறங்கு. நான் ஓரமா எடுத்து வுடறேன்." அப்புறம் நான். அப்புறம் கதவு.

குரூப்பில் போட்டேன். ஒரு வார்த்தை எழுதவில்லை.

பார்த்தவர் பட்டியலில் பெயர் ஒவ்வொன்றாக ஏறுகிறது. சித்தப்பா டைப் செய்கிறார், நிறுத்துகிறார், மறுபடி செய்கிறார். கூடத்தில் டிவி சத்தம் நின்றுபோயிற்று.

"கோகிலவாணி!"

பரவாயில்லை. என் பெயர் ஞாபகம் இருக்கிறது.