கணுக்காலைப் பிடிக்கிற நேரம்

அன்புள்ள மாமாவுக்கு,

நயினார்கோவிலிலிருந்து உமாமகேஸ்வரி எழுதுகிறேன். நானும் துர்காவும் நலம். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று சிரிக்காதீர்கள். போனில் பேசினால் நம் மகள் காதில் விழுந்துவிடுகிறது. அதனால்தான் துபாய்க்குத் திரும்பும் சுரேஷ் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன்.

மிளகாய் பழுத்துவிட்டது. பறிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

துர்கா பள்ளிக்கூடக் கபடி அணியில் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. ஆரம்பத்தில் எதிரணியிலிருந்து பாடி வருகிறவள் கையை ஆட்டினாலே இவள் பாய்ந்துவிடுவாள். கையில் மண்தான் மிஞ்சும். கை ஆட்டுவது ஏமாற்று, இடுப்பு திரும்புகிற பக்கம்தான் கால் வரும் என்று விழுந்து விழுந்து தெரிந்துகொண்டாள். இப்போது இடுப்பு திரும்பும்வரை அசையமாட்டாள். கால் ஊன்றியதும் கணுக்கால் இவள் கையில் இருக்கும். வீட்டிலும் இதே கதைதான். ஆடு வேலி தாண்டப்போவதை ஆட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறாள். நான் தட்டிவிட்ட டம்ளர் தரைக்கு வருவதற்குள் பிடித்துவிடுகிறாள். எனக்குப் பெருமைதான், கொஞ்சம் பயமும்கூட.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். லேசாகச் சிரித்தீர்கள். பிறகு பங்குனிக்கு வந்துவிடுவதாகச் சொன்னீர்கள். நீங்கள் சிரித்தபோதே அவள் எழுந்து ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டாள். ஏன்டி போனாய் என்று அப்புறம் கேட்டேன். "அய்யா சிரிச்சிட்டுச் சொன்னா வரமாட்டாகம்மா. நெசமா வாரதா இருந்தா, மொதல்ல பிளைட்டு நேரத்தத்தான் சொல்லுவாக" என்றாள். அழவில்லை, மாமா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் வருவதாகச் சொன்ன போதெல்லாம் பஸ் நிறுத்தத்தில் போய் நின்ற பிள்ளை அது.

எனக்கு அந்த ஆட்டமெல்லாம் தெரியாது. நீங்கள் சொன்னதை நம்பி மறுநாளே உங்கள் மெத்தையை வெயிலில் போட்டேன். சாயங்காலம் அவள்தான் எடுத்து உள்ளே வைத்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கம்பெனியில் லீவு தராவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்களைக் குறை சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இனி வருகிறேன் என்று போனில் சொல்லவேண்டாம். லீவு கிடைத்ததும் யாரிடமும் மூச்சுவிடாமல், என்னிடமும்தான், வாசலில் வந்து நில்லுங்கள். நல்லதுக்காக ஒரு தடவை அவள் ஏமாறட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூர் நாகநாதர் உங்களுக்குத் துணையிருப்பார். மெத்தையை வாராவாரம் வெயிலில் போட்டுத்தான் வைப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் உமா