வேண்டுமென்றே போட்ட தப்பு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவர் முழங்கால் வலி மாத்திரையில் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, உன் அக்கா போன வாரம் வந்து பரணை ஒழித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். சுகம் விசாரித்தாயிற்று, இனி திட்டப் போகிறேன். போனில் என்றால் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கம்பெனி செய்த பாடப் புரோகிராம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது கண்டவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்தவள் நான். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வேகத்தில் பாடம், யாரையும் விரட்டாது, யாரையும் காக்க வைக்காது என்றாய். என் நாலாம் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள், முப்பத்தாறு டேப்லெட், முப்பத்தாறு ஹெட்போன். சிரிப்புச் சத்தம் கேட்டு மாதக்கணக்காகிறது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

வகுப்பில் ஒரு வாயாடி உண்டு, தையற்காரர் மகள், பெருக்கலும் வகுத்தலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளும் பேக்கரிக்காரர் மகளும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்சு. உன் புரோகிராம் அவளை மேல்படிக்கு ஏற்றி ஜன்னலோரம் தனியாக உட்காரச் சொன்னது. மறுவாரமே அவள் மார்க் மளமளவென்று சரிந்தது. இப்போது, பாடம் ஏறாத பிள்ளைகளின் பிரிவுக்கு அவளை அடுத்த மாதம் முதல் தேதி மாற்றும்படி ஆசிரியர் திரையில் உன் புரோகிராமின் பட்டியல் வந்திருக்கிறது. நான் அவளைக் கூப்பிட்டு வெறும் காகிதத்தில் பன்னிரண்டு கணக்குக் கொடுத்தேன், பன்னிரண்டும் சரி. அப்புறம் ஏண்டி இப்படி என்று கேட்டால், "தப்பாப் போட்டா பழையபடி அவகூட உக்கார விடும்னு நெனச்சேன் டீச்சர்" என்கிறாள். எத்தனை தப்பு போட்டால் போதும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் தப்பாகவே போட்டு வைத்திருக்கிறது குழந்தை. எனக்கு அழுகை வந்துவிட்டது, பிறகு உன் மேல் வந்தது பார் கோபம், இன்னும் இறங்கவில்லை.

அந்தத் திரை முழுக்கத் தேடினேன், இது சரியில்லை என்று ஆசிரியர் சொல்ல ஓர் இடம் இல்லை, ஒப்புதல் என்று ஒரே ஒரு பட்டன். இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்துகிறவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல இடம் வைக்கத் தோன்றவில்லையா உனக்கு? எச்.எம். அம்மா வேறு, உங்க பையன் செஞ்சதை நீங்களே குறை சொன்னா எப்படி என்கிறார். பெத்தவ கேக்காம வேற யார் கேப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் தேதிக்குள் ஆசிரியர் மறுத்துச் சொல்ல ஓர் இடத்தை அந்தத் திரையில் வை. இல்லையென்றால் டேப்லெட் அலமாரியைப் பூட்டிச் சாவியை என் கைப்பைக்குள் போட்டுக்கொள்வேன், அவளைப் பழைய பெஞ்சிலேயே உட்கார வைத்துப் பாடம் நடத்துவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைப் போட்டுக் கெடுத்துக்கொள்ளாதே, நன்றாக இரு ராஜா. ஆனால் ஒன்று, நான் பூட்டினால் என் மேல் புகார் உன் மேசைக்குத்தான் வரும். வந்தால் கூசாமல் பதில் எழுது, அம்மா என்று பார்க்காதே, அந்தப் பிள்ளையைப் பார்.

கோபத்தோடும் ஆசியோடும்,
அம்மா